அப்பா பெயருக்கு வரும் புத்தகம்

மகள் பிறந்த நான்காவது வாரம் அவள் பெயருக்கு முதல் தபால் வந்தது. பிரித்தால் பில். பிறந்த குழந்தையைப் பரிசோதித்ததற்கு அந்தக் குழந்தை பெயருக்கே தனியாகப் பில் போடுவார்கள் என்பது அன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அடுத்த இரண்டு மாதங்களில் இன்னும் மூன்று வந்தன. தலை நிற்காத பிள்ளை, அதற்குள் கடன்காரி. அப்புறம் தபால் பெட்டியில் அவள் பெயரைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைப் பிசையும்.

அப்படிப் பிசைந்த ஒரு மாலையில்தான் கண்ணாடித் தாள் சுற்றிய மெல்லிய பொட்டலம் வந்தது. உள்ளே, மலையேறத் திணறும் ஒரு குட்டி ரயில் எஞ்சினின் கதை. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினேன். பில் எதுவும் விழவில்லை.

“ஏங்க, லைப்ரரில ஒரு ஃபார்ம் எழுதிக் கொடுத்தேனே, அதா இருக்கும்” என்றாள் மனைவி.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில். பாடகி டாலி பார்ட்டன் பிறந்த செவியர் கவுண்டி எங்களுக்குப் பக்கத்துக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி). பன்னிரண்டு பிள்ளைகளில் அவர் நான்காவது. பிரசவம் பார்த்த டாக்டருக்குக் கொடுக்கக் காசில்லாமல் அவருடைய அப்பா ஒரு மூட்டை சோள மாவு கொடுத்தாராம். (எங்கள் வீட்டு மேசையில் கிடந்த பில்களை நினைத்துக்கொண்டேன். அந்த டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது.) அந்த அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவரை நினைத்துத்தான் 1995இல், சொந்தக் கவுண்டிப் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு புத்தகம் தபாலில் அனுப்பத் தொடங்கினார் டாலி. பிறந்ததிலிருந்து ஐந்து வயது வரை. ‘இமேஜினேஷன் லைப்ரரி’ என்று பெயர். இன்று கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா வரை போய்விட்டது. 2018இல் பத்துக் கோடியாவது புத்தகத்தை வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகத்துக்குக் கொடுத்தார்கள். எங்கள் மாநிலத்தில் 2004 முதல் அரசும் இதில் சேர்ந்துகொண்டது. 95 கவுண்டிகளிலும் நடக்கிறது.

எனக்கு அது முதலில் உறுத்தத்தான் செய்தது. இல்லாதவர்களுக்குப் போக வேண்டியதை நாம் வாங்கிக்கொள்கிறோமோ? அதைவிட, நம்மை இல்லாதவர்கள் பட்டியலில் சேர்த்துவிட்டார்களோ? இரண்டாவதுதான் உண்மையான உறுத்தல் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். நான் படித்த பள்ளியில் சத்துணவுப் பட்டியலில் பெயர் இருந்தவர்களுக்குப் பாடப்புத்தகம் இலவசம். சார் ஒவ்வொரு பெயராகச் சத்தமாக வாசிப்பார். எழுந்து போய் வாங்கிக்கொண்டு இடத்துக்குத் திரும்புவதற்குள் வகுப்பு முழுக்க நம்மைப் பார்த்து முடித்துவிடும்.

லைப்ரரியில் போய்க் கேட்டேன். சம்பளம் எவ்வளவு என்று ஃபார்மில் எங்கேயும் கேட்டிருக்கிறோமா என்று அங்கே வேலை பார்க்கும் அம்மா திருப்பிக் கேட்டார். கேட்கவில்லைதான். ஊரும் வயதும் போதுமாம். சரி என்று வந்துவிட்டேன்.

புத்தகத்தைவிட எனக்குப் பிடித்துப்போனது மகள் பெயர் போட்டு வரும் முகவரி லேபிள்தான். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் கேட்டபோது அப்பா பெயரை எழுதினேன். இங்கே வந்ததும் நான் அப்பா பெயரால் அழைக்கப்பட்டேன். மகள் பிறந்ததும் அவளுக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. ஆக, மூன்றாவது வரைக்கும் படித்து, தறிக்குப் போய், டீக்கடையில் தினத்தந்தியை எழுத்துக்கூட்டி வாசிக்கும் என் அப்பாவின் பெயருக்கு மாதாமாதம் அமெரிக்காவில் புத்தகம் வருகிறது. நீளமான பெயர். லேபிளில் இடம் போதாமல் கடைசி மூன்று எழுத்துகள் வெட்டுப்பட்டிருக்கும். இருந்தாலும் அவர்தான்.

வீடியோ காலில் காட்டினேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தார். “எம்பேருக்கு யாரு கண்ணு பொஸ்தகம் அனுப்பறாங்க?”

அதிலிருந்து இது ஒரு வழக்கமாகிவிட்டது. இங்கே இரவு எட்டு மணி, அங்கே விடிகாலை ஐந்தரை. நான் பக்கத்தைக் கேமராவுக்குக் காட்டுவேன். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது, படம் போதும். ஒரு புத்தகத்தில் பனியில் கரடி நடந்து போனது. “இந்தக் கரடி பஞ்சு மில்லுல வேலை பாக்குது பாப்பா. எங்க பாரு, ஒடம்பெல்லாம் பஞ்சு. ஷிப்டு முடிஞ்சு வூட்டுக்குப் போகுது” என்றார். அடுத்த பக்கத்தில் கரடி தூங்கியது. நைட் ஷிப்டு. கதை எங்கேயும் தட்டவில்லை. மூன்று வயதில் லைப்ரரிக் கதை நேரத்தில் என் மகள் எழுந்து, கரடிகள் மில்லில் வேலை செய்யும் என்று ஆங்கிலத்தில் எல்லோருக்கும் விளக்கினாள். அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் அலமாரியைப் பார்த்தேன்.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. ‘நீங்கள் எல்லோரும்’ என்பதற்கு இந்த ஊர்க்காரர்கள் சொல்லும் ‘யால்’ என்னை அறியாமலே வாயில் வருகிறது. தேநீரில் ஐஸ் போடுகிறார்கள், அதையும் மன்னித்துவிட்டேன். முன்போல ஊர் ஞாபகம் வருவதில்லை என்று போன மாதம்கூட ஒரு நண்பனிடம் சொன்னேன். அன்று சாயங்காலம் புத்தகம் வந்தது. பிரித்ததும் புதுத்தாள் வாசனை. ஜூன் மாதம், வாசல் திண்ணை, பிரவுன் அட்டை போட்ட புத்தகங்கள். லேபிள் ஒட்டப் பசை கிடையாது. அம்மா சோற்றுப் பருக்கையை நசுக்கித் தேய்ப்பாள். ஜூலைக்குள் எறும்பு வந்து லேபிளின் ஓரத்தைத் தின்றுவிடும். எனக்கு அப்பா பெயர் வெறும் இனிஷியல்தான், அதுவும் ஓரத்தில் இருக்கும். முதலில் போவது அதுதான். எவ்வளவு நேரம் தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றேனோ தெரியாது. எதிர்வீட்டுக்காரர் வந்து எல்லாம் சரிதானே என்று கேட்டார்.

வரும் மாதத்தோடு மகளுக்கு ஐந்து முடிகிறது. புத்தகம் நின்றுவிடும் என்று அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

“ஃபார்ம் எழுதறப்பவே ஒரு வருசம் கொறச்சு எழுதியிருக்கலாமில்ல கண்ணு? உன்னைய ஒண்ணாவதுல சேத்தறப்ப வாத்தியாருகிட்டச் சொல்லி நாங்கூட மாத்தித்தானே குடுத்தேன்.”