ஈரி ஏரிக்கரையில் உருவான பயிற்றுநர்: மார்ச் மாத நாட்குறிப்பு

2025 மார்ச் 4, செவ்வாய்

இன்று அமெரிக்கக் கால்பந்துப் பயிற்றுநர் நூட் ராக்னியின் பிறந்த நாள். 1888-இல் நார்வேயின் வோஸ் என்ற ஊரில் பிறந்து, வண்டி செய்யும் தொழிலாளியான தந்தையைத் தொடர்ந்து ஐந்து வயதில் சிகாகோ வந்து சேர்ந்தவர். அஞ்சல் நிலையத்தில் வேலை பார்த்துச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, 22 வயதில்தான் நோட்டர் டேம் கல்லூரியில் காலடி வைத்தார். அக்கல்லூரியை ஒட்டிய, நான் குடியிருக்கும் இந்த சவுத் பெண்ட் நகரில் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அவரது பேச்சாற்றலையே புகழ்கிறார்கள். எனக்கோ அவரது கற்பிக்கும் திறன்தான் பெரிதாகப் படுகிறது. அதற்காகவே இக்குறிப்புகளைத் தொடங்குகிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

அமெரிக்கக் கால்பந்து பெயரளவில்தான் கால்பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியை முட்டி மோதி முன்னேறும் ஆட்டம் அது. பந்தை முன்னோக்கி எறியலாம் என்று 1906-இல் விதி வந்த பிறகும் பல அணிகள் அதைப் பெரிதாக நம்பவில்லை. 1913 கோடையில், ஒஹாயோவின் சீடர் பாயின்ட் என்னும் உல்லாசத் தலத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்த ராக்னியும் அவர் தோழர் கஸ் டொரேயும், வேலை நேரம் போக மற்றப் பொழுதெல்லாம் ஈரி ஏரியின் மணற்கரையில் அந்த எறிதலையே பழகினார்கள். நின்ற இடத்தில் பந்தை மார்போடு அணைத்துப் பிடிப்பது அன்றைய வழக்கம். ராக்னியோ முழு வேகத்தில் ஓடிக்கொண்டே, விரல்களைத் தளர்வாக விரித்து, கைகளாலேயே பந்தை வாங்கப் பழகினார். ஓர் அசைவைப் பிரித்துப் பார்த்து, பிழை எங்கே என்று கண்டு, மீண்டும் மீண்டும் செய்து பார்க்கும் அந்தப் பழக்கத்தில்தான் பிற்காலப் பயிற்றுநர் பிறந்தார் என்பது என் உறுதியான எண்ணம்.

மார்ச் 15, சனி

அந்தக் கோடையின் பலன் நவம்பர் 1 அன்று வெஸ்ட் பாயின்டில் தெரிந்தது. வலிமை மிக்க ராணுவக் கல்லூரி அணியை நோட்டர் டேம் 35-13 என்று வென்றது. டொரே எறிந்த 17 பந்துகளில் 14 சரியாகப் போய்ச் சேர்ந்தன. காலில் அடிபட்டவர்போல் நொண்டி நடந்து, தன்னைக் காத்து நின்ற வீரர் அசந்த நேரத்தில் பாய்ந்தோடிப் பந்தைப் பிடித்ததாக ராக்னி பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

மார்ச் 16, ஞாயிறு

நேற்று எழுத மறந்தது: 1914-இல் பட்டம் பெற்றதும், வேதியியல் துறையில் கற்பிக்கும் வேலையை ஏற்றுக்கொண்ட ராக்னி, நோட்டர் டேம் அணியின் பயிற்றுநர் ஜெஸ்ஸி ஹார்ப்பருக்குத் துணையாகவும் பணியாற்றினார். பகலில் ஆய்வுக்கூடம், மாலையில் ஆடுகளம். 1918-இல் ஹார்ப்பரின் இடத்துக்கு வந்தார்.

மார்ச் 22, சனி

அவர் முதலில் இரண்டாம் நிலை வீரர்களைக் களமிறக்குவார். அவர்கள் எதிரணியைக் களைப்படையச் செய்த பிறகே சிறந்த வீரர்கள் வருவார்கள். வெளியே உட்கார்ந்திருக்க வேண்டியவர்களுக்கும் இதனால் உண்மையான பொறுப்பு கிடைத்தது. இதை நான் வெறும் தந்திரமாகக் கருதவில்லை. 1920-இல் இறந்துபோன ஜார்ஜ் கிப் என்ற வீரரின் பெயரைச் சொல்லி 1928-இல் அவர் ஆற்றிய உரை உலகப் புகழ் பெற்றது. அன்று ராணுவ அணியை 12-6 என்று வென்றார்கள். ஆனால் அந்தப் பருவம் 5 வெற்றி, 4 தோல்வி என்றுதான் முடிந்தது. அவர் பயிற்றுநராக இருந்த காலத்திலேயே மிக மோசமான பருவம் அது. உரையால் ஓர் ஆட்டத்தை வெல்லலாம். அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் தோல்வியே இல்லாமல் தேசியப் பட்டம் வென்றதற்குக் காரணம் அன்றாடப் பயிற்சியே. அதிலும் 1929-இல் காலில் இரத்தக்குழாய் அழற்சியால் அவதிப்பட்டு, சில வேளைகளில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே பயிற்சி அளித்தார் என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

மார்ச் 31, திங்கள்

1931-இல் இதே நாளில், லாஸ் ஏஞ்சலஸ் நோக்கிச் சென்ற விமானம் கன்சாஸ் மாநிலத்தின் பஜார் அருகே விழுந்து, அதில் இருந்த எட்டுப் பேரும் மாண்டார்கள். மரத்தால் ஆன இறக்கை முறிந்துபோனதே காரணம். ராக்னிக்கு வயது 43. 13 பருவங்களில் 105 வெற்றி, 12 தோல்வி, 5 சமநிலை. அவரது மரணத்தால் எழுந்த பெருங்கொந்தளிப்பு, விமானப் பாதுகாப்பு விதிகளை இறுக்கும்படி அரசை நெருக்கியது.

இன்று மாலை சீடர் குரோவ் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அவரது கல்லறை முன்பு சற்று நேரம் நின்றேன். அங்கே என் நினைவுக்கு வந்தவர் ஃபிராங்க் லேஹி. 1930-இல் முழங்காலில் அடிபட்டு ஆட முடியாமல் போன அந்த மாணவரை, தாம் சிகிச்சைக்குச் சென்ற மேயோ மருத்துவமனைக்கு ராக்னி தம்மோடு அழைத்துச் சென்றார். ஒரே அறையில் படுத்திருந்த அந்த நாட்களில், இளைஞர் கேட்கக் கேட்க, ஆசிரியர் ஆட்டத்தின் நுட்பங்களைச் சொல்லிக்கொண்டே இருந்தார். லேஹி 1941-இல் நோட்டர் டேமின் தலைமைப் பயிற்றுநரானார்.