காலை நாற்பது நிமிடத்தில் அடங்கிய பண்ணை

அரை ஏக்கர் நிலத்தோடு கூடிய ஒரு சிறிய வீட்டுக்கு நாங்கள் குடிவந்தபோது மூத்தவனுக்கு ஐந்து வயது, இளையவளுக்கு இரண்டு வயது. கணவரும் நானும் வேலைக்குச் செல்பவர்கள். இருவர் வீட்டிலும் விவசாயம் பார்த்தவர்கள் யாரும் இல்லை. பண்ணையிலிருந்து வருமானம் வரவேண்டும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. வீட்டுக்கு வேண்டிய முட்டையும் ஓரளவு காய்கறியும் கிடைத்து, பிள்ளைகள் மண்ணோடும் உயிர்களோடும் பழகி வளர்ந்தால் போதும் என்று நினைத்தோம். வந்த வாரமே ஒரு பெரிய தாளில் நிலத்தை வரைந்து, இங்கே கோழி, அங்கே ஆடு, ஓரத்தில் பழமரம், நடுவில் பாத்திகள், மூலையில் தேனீப் பெட்டி என்று ஒரு சாண் இடம்கூட மிச்சம் வைக்காமல் நிரப்பிவிட்டோம். இத்தனைக்கும் தினமும் காலையில் யார், எத்தனை நிமிடம் ஒதுக்கப்போகிறோம் என்பதை மட்டும் கணக்கிடவில்லை. இந்த ஐந்து ஆண்டுகளில் நாங்கள் பட்ட பாட்டில் பெரும்பகுதி அதனால் வந்தது.

பக்கத்து நிலத்துப் பெரியவர் ஒருவர் எங்கள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "முதல் வருஷம் வேலி, தண்ணி, மண்ணு, இந்த மூணை மட்டும் பாருங்கம்மா, உயிர் எதுவும் இப்ப வேண்டாம்" என்றார். அவர் சொன்னதில் மண்ணை மட்டும்தான் நாங்கள் காதில் போட்டுக்கொண்டோம். நிலத்தில் பத்து இடங்களில் மேலே கிடந்த சருகை நீக்கி, ஆங்கில 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, குழியின் சுவரிலிருந்து மண்ணைச் சீவி எடுத்தோம். எல்லாவற்றையும் ஒரு துணியில் கொட்டிக் கலந்து நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகளை ஒதுக்கிவிட்டு மீண்டும் கலந்து, அரைக் கிலோ மிஞ்சும்வரை அப்படியே செய்து ஆய்வுக்குக் கொடுத்தோம். மண்ணில் அங்ககக் கரிமம், அதாவது மட்கிய தாவர, உயிர்ப் பொருள்களிலிருந்து சேரும் கரிமம், மிகக் குறைவு, சத்துகளை வாங்கிப் போடுவதற்கு முன் மட்கைச் சேர்க்க வேண்டும் என்று முடிவு வந்தது. மட்குக்கு எரு வேண்டும், எருவுக்குக் கோழி வேண்டும் என்று நாங்களே ஒரு நியாயம் கண்டுபிடித்து, வேலி போடுவதற்கு முன்பே ஒரு நாள் வயதுடைய குஞ்சுகள் இருபதை வாங்கி வந்துவிட்டோம்.

குஞ்சுக்கு முதல் வாரத்தில் அதன் முதுகுயரத்தில் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருக்க வேண்டும்; பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். இதைப் படித்திருந்தோம். ஆனால் குஞ்சுகளை விளக்கோடு வைத்திருந்த பெட்டியின் மேல்விளிம்பில் வெப்பமானியைத் தொங்கவிட்டு, அது காட்டிய எண்ணை நம்பி உறங்கச் சென்றோம். மேலே சரியாக இருந்த வெப்பம் தரையில் இல்லை. குளிர் தாங்காத குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்ததில், அடியில் இருந்த இரண்டு காலையில் நசுங்கிக் கிடந்தன. அன்றிலிருந்து வெப்பமானியைவிடக் குஞ்சுகளையே அதிகம் பார்த்தோம்: விளக்கின் கீழ் நெருங்கிக் கிடந்தால் குளிர், சுவரோரம் ஒதுங்கி வாய் பிளந்தால் வெக்கை, பெட்டி முழுதும் பரவித் தீவனம் கொத்திக்கொண்டிருந்தால் சரி. இரண்டு வயதுக் குழந்தைக்குக்கூட இது புரிந்தது. ஆனால் அவளைக் குஞ்சைத் தொட விடவில்லை. நலமாகத் தோன்றும் குஞ்சின் எச்சத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை அது கடுமையாகப் பாதிக்கும். பெட்டிக்கு வெளியே நின்று பார்ப்பது, பார்த்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, கொட்டிலுக்குப் போட்ட செருப்பை வாசலிலேயே விடுவது என்ற மூன்று விதிகளை அப்போது வகுத்தோம். இன்றுவரை தளர்த்தவில்லை.

நான்காவது வாரத்தில் எச்சத்தில் இரத்தம் தெரிந்தது. மூன்று குஞ்சுகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நின்றன. இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் ஒற்றைச்செல் உயிரியின் முட்டைகள் எச்சத்தில் வெளியேறி, ஈரமும் கதகதப்பும் உள்ள கூளத்தில் ஓரிரு நாளில் நோய் பரப்பும் நிலைக்கு வந்துவிடுகின்றன என்று கால்நடை மருத்துவர் விளக்கினார். எங்கள் தண்ணீர்க் குவளை சாய்ந்து, அதைச் சுற்றி ஒரு முழம் அகலத்துக்குக் கூளம் எப்போதும் நனைந்தே கிடந்தது. காலையில் அவசரமாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு ஓடுகிறவர்களுக்கு அது கண்ணில் படவில்லை. தண்ணீரில் கலந்து கொடுக்க ஆம்ப்ரோலியம் என்ற மருந்தை எழுதிக்கொடுத்த மருத்துவர், அதோடு சத்துக்காக வைட்டமின் கரைசல் எதையும் கலந்துவிடக் கூடாது என்று எச்சரித்தார். அந்த மருந்து உருவில் வைட்டமின் பி1-ஐ ஒத்திருப்பதால், அதைத் தேடும் ஒட்டுண்ணி ஏமாந்து பட்டினி கிடக்கிறது. நாம் உண்மையான பி1-ஐ அதோடு ஊட்டினால் மருந்து பயனற்றுப் போகும். நான் அதற்கு முந்தைய நாள்தான் அக்கறையோடு வைட்டமின் புட்டி ஒன்று வாங்கி வைத்திருந்தேன். நோய் கண்ட மூன்றும் பிழைக்கவில்லை, மற்றவை தப்பின.

மிஞ்சிய பதினைந்தில் ஏழு சேவல்கள். பண்ணை பற்றிய எங்கள் கனவுகள் எதிலும் சேவல்களை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்ததே இல்லை. ஒன்றை வைத்துக்கொண்டு ஆறை இறைச்சிக்குக் கொடுத்தோம். மூத்தவன் கேட்டபோது, எங்கோ நல்ல இடத்தில் வளர்கின்றன என்று சொல்லிவிட எனக்கு நா எழுந்தது. கணவர் முந்திக்கொண்டு உண்மையைச் சொன்னார். இரண்டு நாள் அவன் எங்களோடு பேசவில்லை.

முதல் முட்டை இருபத்திரண்டாம் வாரத்தில் கிடைத்தது. அடுத்த மாதமே ஓர் இரவில் மூன்று கோழிகள் போயின. கோழிவலை என்று விற்கப்படும் அறுகோணக் கண் வலை கோழி வெளியே போகாமல் தடுக்குமே ஒழிய, வேட்டை விலங்கு உள்ளே வராமல் தடுக்காது. கீரியோ அதைப் போன்ற வேறொன்றோ வலையின் அடியில் பறித்துக்கொண்டு நுழைந்திருந்தது. அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த தடித்த கம்பி வலைக்கு மாறினோம். அதைச் செங்குத்தாக ஆழப் புதைக்காமல், சுவரடியிலிருந்து வெளிப்புறமாக ஒன்றரை அடி அகலத்துக்குத் தரையில் பாவாடைபோல விரித்து மேலே மண் மூடினோம். பறிக்கும் விலங்கு சுவரை ஒட்டியே பறித்துப் பார்க்கும். காலடியில் வலை தட்டுப்பட்டால், இரண்டடி பின்வாங்கித் தொடங்கலாம் என்று அதற்குத் தோன்றுவதில்லை. அன்றிலிருந்து அந்தியில் கதவை அடைத்து எண்ணிப் பார்க்கும் வேலை மூத்தவனுடையது.

கோழி எருவால் முதல் ஆண்டுத் தக்காளி முழுவதும் கருகியது. புதிய எச்சத்தில் அமோனியாவும் உப்பும் மிகுதி என்பதைச் செடிகளின் இலை விளிம்பு பழுப்பேறிய பிறகே அறிந்தோம். மட்குக் குவியலும் எளிதில் வசப்படவில்லை. முதல் குவியல் வெறும் சருகாக இருந்ததால் மூன்று மாதம் ஆகியும் அப்படியே கிடந்தது. இரண்டாவது முழுக்கக் கூளமும் எச்சமுமாக இருந்ததால் கண் எரியும்படி நாறியது. கரிமமும் நைட்ரஜனும் ஏறத்தாழ முப்பதுக்கு ஒன்று என்ற அளவில் அமையும்படி, ஒரு கூடை எச்சக் கூளத்துக்கு மூன்று கூடை காய்ந்த சருகு என்று அடுக்கி, பிழிந்த துணியின் ஈரம் இருக்குமாறு நீர் தெளித்தபோது, நான்காம் நாள் குவியலின் நடுவே 60 டிகிரி காட்டியது. உள்ளே கை விட்டுப் பார்த்த கணவர் சட்டென்று இழுத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்த மட்கைப் பாத்தியில் இட்டு, மேலே மண்ணை மூடும் போர்வையாக நான்கு விரற்கடைத் தடிப்பில் மூடாக்குப் போட்ட பிறகு, தினமும் நீர் பாய்ச்சிய பாத்திகளுக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை பாய்ச்சினால் போதும் என்றாயிற்று.

இரண்டாம் ஆண்டில் இரண்டு பெண் வெள்ளாட்டுக் குட்டிகள் வந்தன. இம்முறை வேலியை முதலில் முடித்திருந்தோம். ஆடு தனித்து வாழாது, ஒன்றாக வாங்கினால் இரவெல்லாம் கத்தும் என்பதையும் கேட்டறிந்திருந்தோம். ஆயினும் புல்லைக் குட்டையாக மேய விட்டது எங்கள் தவறு. குடற்புழுவின் இளம்புழுக்கள் பெரும்பாலும் தரையிலிருந்து நான்கைந்து விரற்கடை உயரத்துக்குள்ளேயே ஈரப் புல்லில் ஏறி நிற்கின்றன. மழைக்குப் பின் ஒரு மாதத்தில் சிறிய குட்டியின் தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கியது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உட்புறம் காகிதம்போல் வெளுத்திருந்தது. இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும் புழுவின் வேலை அது. குட்டியின் எடையைக் கண்ணால் மதித்துப் புழு மருந்தைக் குறைவாகக் கொடுத்துவிடக் கூடாது, அப்படிக் கொடுப்பது மருந்துக்கு அடங்காத புழுக்களை நாமே வளர்ப்பதாகும் என்று சொல்லி, மருத்துவர் அதை எடைபோட வைத்தார். அதன்பின் மேய்ச்சல் நிலத்தை நான்காகத் தடுத்து முறைவைத்து விட்டோம். பனி உலர்ந்த பிறகே திறந்தோம். தழைகளை அறுத்து உயரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். ஆடு இயல்பிலேயே தலை நிமிர்ந்து தழை கடிக்கும் பிராணி என்பதால் அதற்கும் அது பிடித்தது. ஞாயிறுதோறும் இமையைப் பார்த்து நிறத்தைக் குறிப்பேட்டில் எழுதுகிறோம், மருந்து தேவைப்படும் ஆட்டுக்கு மட்டும் கொடுக்கிறோம்.

எங்களை முறித்தது நோயோ விலங்கோ அல்ல, பால்தான். மூன்றாம் ஆண்டில் பெரிய ஆட்டைச் சினைப்படுத்தினோம். சுமார் 150 நாளில் அது ஒரு குட்டி ஈன்றது; குட்டி தானே எழுந்து முதல் மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்ததைப் பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலையை எதற்கும் ஈடாகத் தரமாட்டேன். ஆனால் குட்டி பால் மறந்தபின் கறவை முழுவதும் எங்கள் கைக்கு வந்தது. பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் நாள்தோறும் இருமுறை கறக்க வேண்டும். மடியைக் கழுவித் துடைத்து, முதல் பீய்ச்சலைத் தனிக் கிண்ணத்தில் விட்டுப் பாலில் திரிதிரியான கட்டி இருக்கிறதா என்று பார்த்து, கறந்து, வடிகட்டி, உடனே குளிரவைத்து, பாத்திரங்களை வெந்நீரில் கழுவ வேண்டும். ஒரு வேளையைத் தள்ளிப்போட்டால் மடி கனத்து நோய் வரக்கூடும். இளையவளுக்குக் காய்ச்சல் கண்ட ஒரு வாரத்தில் கணவர் வெளியூரில் இருந்தார். ஒரு கையில் குழந்தையும் மறு கையில் பால் வாளியுமாக நின்ற அந்த வாரத்தின் முடிவில், சமையலறைக் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு நான் ஒவ்வொரு வேலையையும் அளக்கத் தொடங்கினேன்.

கோழிக்குப் பதினெட்டு நிமிடம், ஆட்டுக்குத் தீவனமும் தண்ணீரும் பதினாறு, பாத்திகள் இருபது, பால் முப்பத்தைந்து. பள்ளிக்கும் வேலைக்கும் கிளம்பும் முன் எங்களிடம் இருந்ததோ நாற்பது நிமிடம். அதற்குமேல் செலவாகும் ஒவ்வொரு நிமிடமும் உறக்கத்திலிருந்தோ பிள்ளைகளிடமிருந்தோதான் எடுக்கப்பட்டு வந்திருந்தது. ஆட்டின் பாலைப் படிப்படியாக வற்றவிட்டு, குட்டியை ஆடு வளர்க்கும் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தோம். மீதி நேரம் எங்கே போகிறது என்று பார்த்தபோது பெரும்பகுதி நடையில் கரைந்தது. தண்ணீர்க் குழாய் வீட்டுப் பக்கம், கொட்டில் முப்பது மீட்டர் தள்ளி. தீவனம் இன்னொரு மூலையில். இடையில் சேர்த்தவையோடு எட்டாக இருந்த கோழிகளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ தீவனமும் இரண்டு லிட்டர் தண்ணீரும் போதும் என்றாலும், வாளியில் சுமந்ததால் தினமும் நான்கு நடை ஆயிற்று. ஒரு நீண்ட விடுமுறையில் குழாயைக் கொட்டிலின் வாசலுக்கு இழுத்து, அதன் பக்கத்திலேயே எலி புகாத தகரப் பீப்பாயில் தீவனத்தை வைத்து, இருபது லிட்டர் தொட்டியிலிருந்து சொட்டும் குடிப்பான்களைப் பொருத்தினோம். தள்ளுவண்டியைவிட ஒரு கையகலம் குறுகலாக நாங்களே கட்டியிருந்த பட்டிக் கதவையும் அப்போதுதான் பெயர்த்தோம்; இரண்டு ஆண்டுகளாக எருவைக் கூடையில் சுமந்திருக்கிறோம். பத்துப் பாத்திகளை ஆறாக்கி, மற்ற நான்கில் அவரையினக் கொடிகளை மண்ணை மூடப் படரவிட்டோம். இப்போது கோழிக்கு ஒன்பது, ஆட்டுக்குப் பதினொன்று, பாத்திகளுக்குப் பதினைந்து.

போன ஆண்டு ஒன்றரை வயதான கோழிகள் எல்லாம் திடீரென்று இறகு உதிர்த்து முட்டையை நிறுத்தியபோது, முதல் ஆண்டாக இருந்தால் பதறிப்போய் மருத்துவரிடம் ஓடியிருப்போம். பகல் குறுகும் பருவத்தில் புதிய இறகுக்காக உடல் எடுத்துக்கொள்ளும் இரண்டு மூன்று மாத ஓய்வு அது என்று இளையவளே தன் வகுப்புத் தோழிக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

வரைபடத்தின் மூலையில் தேனீப் பெட்டி இன்னும் வரையப்பட்டபடியே இருக்கிறது. சென்ற வாரம் மூத்தவன் அதைக் கேட்டான். வாரத்துக்கு எத்தனை நிமிடம் ஆகும் என்று விசாரித்துக் குறிப்பேட்டில் எழுதச் சொன்னேன். அவன் தேனீ வளர்க்கும் ஒருவரிடம் கேட்டு வந்து, கூட்டம் பிரியும் பருவத்தில் வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும், மற்றபடி அவ்வளவு வேலை இல்லை என்று எழுதி, காலையில் மிஞ்சும் ஐந்து நிமிடத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருக்கிறான். கணவர் அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இட்டிருக்கிறார்.