ஹலாப்பா முதல் ஹோயா தே செரன் வரை: கற்கருவிகளைத் தேடி ஒரு பயணம்

மெக்சிகோவின் வெராக்ரூஸ் மாநிலத்தில் தொடங்கி, பெலீஸ், குவாத்தமாலா வழியாக எல் சால்வடார் வரை நீண்ட இந்தப் பயணத்தில் நான் தேடிப் போனது கற்கருவிகளை. பிரமிடுகள் வழிநெடுக வந்தன. அவற்றைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அவற்றைக் கட்டிய கைகளில் என்ன இருந்தது என்ற கேள்விதான் என்னை நெடுநாளாக விடாமல் பிடித்திருந்தது. ஸ்பானியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தப் பகுதியில் வாழ்ந்த ஓல்மெக் மக்களிடமும், அவர்களுக்குப் பின் செவ்வியல் காலத்தில் (ஏறத்தாழ கி.பி. 250–900) செழித்த மாயா மக்களிடமும் இரும்பு கிடையாது. பிற்காலத்தில் செம்பு வந்தபோதும் பெரும்பாலும் மணியாகவும் அணியாகவுமே வந்தது. பொதி சுமக்க மாடோ குதிரையோ இல்லை. காடு வெட்டியதும், சுண்ணாம்புப் பாறையைச் செதுக்கியதும், மான் தோலை உரித்ததும், மக்காச்சோளத்தை அரைத்ததும் கல்லைக் கொண்டுதான். அப்படியானால் அந்தக் கல் எங்கே கிடைத்தது, யார் அதை உடைத்துக் கருவியாக்கினார்கள், மலையடிவாரத்தில் பிறந்த ஒரு கத்தி நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு குடியானவரின் வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தது?

முதலில் ஹலாப்பா. வெராக்ரூஸின் தலைநகரான இந்த ஊரில் உள்ள மானுடவியல் அருங்காட்சியகம், ஓல்மெக் பண்பாட்டைப் பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் போகவேண்டிய இடம். இதுவரை கிடைத்த 17 பெருந்தலைச் சிற்பங்களில் ஏழு இங்கே இருக்கின்றன. சான் லொரென்சோவில் கிடைத்த முதலாம் தலை கிட்டத்தட்ட 2.85 மீட்டர் உயரம். எடை 25 டன்னுக்கும் மேல். சரிவில் படிப்படியாக இறங்கும் அந்தக் கூடத்தில் தலைகளை நெருங்கிப் பார்த்தால், உளி வெட்டிய தடம் ஒன்றுகூட இல்லை. கடினமான கற்குண்டுகளால் கொத்திக் கொத்திப் பொடியாக உதிர்த்து, பிறகு மணலும் நீரும் விட்டுத் தேய்த்து உருவாக்கிய பரப்பு அது. உதட்டோரத்தில் அந்தக் கொத்தின் சிறு குழிகள் இன்னும் மங்கலாகத் தெரிகின்றன.

சான் லொரென்சோ, கோட்சகோல்கோஸ் ஆற்றுப் படுகையின் வண்டல் நிலத்துக்கு நடுவே எழுந்த மேட்டில் இருந்த ஊர். கி.மு. 1400 முதல் 1000 வரை அது செழித்திருந்தது. அங்கே நல்ல கல் கிடையாது. தலைகளுக்கான பசால்ட் என்னும் கரிய எரிமலைக் கல் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள துக்ஸ்லா எரிமலைகளிலிருந்து வந்தது. அந்தப் பாறைகள் எவ்வளவு அருமையாகக் கருதப்பட்டன என்பதற்கு, மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆன் சைஃபர்ஸ் அகழ்ந்த 'செந்நிற அரண்மனை' ஒரு சான்று. பசால்ட் தூண் தாங்கிய அந்த உயர்குடி வீட்டை ஒட்டியே, பழைய சிற்பங்களை உடைத்து வேறு பொருள்களாக மாற்றிய பட்டறை ஒன்று இருந்திருக்கிறது. பெருந்தலைகளில் சிலவும் ஒரு காலத்தில் அரசரின் கல்லிருக்கைகளாக இருந்து, பிறகு தலைகளாகச் செதுக்கப்பட்டவை என்பதற்கான தடயங்கள் அவற்றின் பின்புறத்தில் உள்ளன. பட்டறை ஆள்பவரின் வாசலில் இருக்கிறது. மூலப்பொருள் அவர் கையில் இருக்கிறது. இப்படிப் பார்த்தால், ஓல்மெக் கல்தொழில் முழுவதும் அரசாணையின் கீழ் நடந்தது என்று எளிதாக முடிவுகட்டிவிடலாம்.

அப்படி முடிவுகட்ட என்னால் முடியவில்லை. அதே ஊரின் சாதாரண வீடுகளிலும் அப்சிடியன் செதில்கள் கிடைக்கின்றன. எரிமலைக் குழம்பு விரைவாகக் குளிர்ந்து உறைந்த கறுப்புக் கண்ணாடிக் கல்தான் அப்சிடியன். சான் லொரென்சோவுக்கு அது பூயெப்லா மாநிலத்தின் குவாதலூபே விக்டோரியாவிலிருந்தும் வந்திருக்கிறது. குவாத்தமாலாவின் எல் சயாலிலிருந்தும் வந்திருக்கிறது. ஒன்று மேற்கே, மற்றொன்று தென்கிழக்கே மலைகள் பல தாண்டி. இருபத்தைந்து டன் பாறையை இழுத்துவர ஓர் அரசன் தேவைப்பட்டிருக்கலாம். உள்ளங்கையில் அடங்கும் செதிலைக் கொண்டுவர ஒரு வழிப்போக்கரும் அவரிடம் பண்டம் மாற்றிக்கொள்ள ஒரு வீடும் போதும். இந்த இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது பிழை என்று ஹலாப்பாவிலேயே தோன்றியது. பயணம் போகப்போக அந்த எண்ணம் உறுதிப்பட்டது.

பெலீஸின் வடபகுதி வேறு உலகம். ஆரஞ்சு வாக் நகரைச் சுற்றிக் கரும்புத் தோட்டங்கள். அவற்றுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை. அந்தப் பாறைக்குள் செர்ட் எனப்படும், சிக்கிமுக்கிக் கல் இனத்தைச் சேர்ந்த முண்டுகள். தேன் நிறத்திலும் சாம்பல் நிறத்திலும் வரிவரியாக இருக்கும் இந்தக் கல், உடைத்தால் கூரான விளிம்போடு பிளக்கும். மாயா நாட்டின் நிலவியலே அதன் வணிகத்தை இரண்டாகப் பிரித்துவிட்டது எனலாம்: தாழ்நிலத்தில் செர்ட், தெற்கு மலைநாட்டில் அப்சிடியனும் பசால்ட்டும் குவாத்தமாலாவின் மோத்தாகுவா பள்ளத்தாக்கின் ஜேட் என்னும் பச்சைக்கல்லும். எந்த ஊரும் தனக்கு வேண்டிய எல்லாக் கல்லையும் தன் மண்ணிலேயே எடுத்துக்கொள்ள முடியாது.

இங்கேதான் கோல்ஹா என்ற பழைய மாயா ஊர் இருக்கிறது. சுற்றுலாப் பேருந்துகள் நிற்கும் இடமில்லை. பெரிய கோபுரமும் இல்லை. ஆனால் தாமஸ் ஹெஸ்டர், ஹாரி ஷேஃபர் ஆகியோர் 1979 முதல் நடத்திய ஆய்வுகளில், கல்லுடைத்த கழிவே ஒரு மீட்டருக்கு மேல் குவிந்து மேடான பட்டறைகள் பல இங்கே வெளிப்பட்டன. அந்தக் குவியல்களில் மண்ணைவிடச் செதில்கள் அதிகம். கிறிஸ்து பிறப்பை ஒட்டிய சில நூற்றாண்டுகளில் இங்கிருந்தவர்கள் குறிப்பிட்ட சில வடிவங்களையே மீண்டும் மீண்டும் செய்திருக்கிறார்கள்: மண் கொத்தவும் மரம் வெட்டவும் பயன்பட்ட நீள்வட்டக் கோடாலி, மரம் இழைக்கும் வாய்ச்சி, காம்புள்ள பெரிய கத்தி அலகு.

வாய்ச்சி செய்த முறையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். கருவியை முழுவதும் செதுக்கி முடித்தபின், முனைக்கு அருகே பக்கவாட்டில் ஒரே ஓர் அடி. அந்த அடியில் முனையின் அகலம் முழுவதையும் தழுவி ஒரு செதில் வளைந்து கழன்று வரும். எஞ்சுவது நேரான கூர்விளிம்பு. அடி சற்றே பிசகினால் அதுவரை செய்த வேலை வீண். கழன்று விழும் அந்தச் செதிலின் வளைவைப் பார்த்து ஆய்வாளர்கள் அதற்கு ஆரஞ்சுத்தோல் செதில் என்றே பெயரிட்டிருக்கிறார்கள். கோல்ஹாவின் குவியல்களில் அவை ஏராளம். அத்தனை முறை அந்த அடி சரியாக விழுந்திருக்கிறது. இந்தத் திறமை ஒரு பருவத்தில் பழகி வருவதில்லை. பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, சிறு வயதிலிருந்து கல்லைத் தட்டிப் பழகிய கைகளுக்கே வரும் என்று நான் நம்புகிறேன்.

கோல்ஹாவின் கருவிகள் எங்கே போயின என்பதற்கு, வடக்கே இருக்கும் புல்ட்ரவுசர் சதுப்பு நிலம் நல்ல விடை தருகிறது. அங்கிருந்த உழவர்கள் சதுப்பில் மேட்டு வயல்கள் அமைத்துப் பயிர் செய்தவர்கள். அவர்களுடைய குடியிருப்புகளில் கோல்ஹா வகைக் கோடாலிகள் கிடைக்கின்றன. அவற்றை முதலிலிருந்து செய்ததற்கான கழிவு மிகக் குறைவு. கிடைக்கும் செதில்களில் பல, மழுங்கிய விளிம்பை மறுபடி கூராக்கியபோது உதிர்ந்தவை. அவற்றின் ஒரு முகத்தில், மண்ணில் உராய்ந்து உராய்ந்து ஏறிய பளபளப்பு இருக்கிறது. கருவி முழுமையாகச் செய்யப்பட்ட நிலையில் வந்திருக்கிறது, தேயும்வரை உழைத்திருக்கிறது.

இந்த அளவுக்கு உற்பத்தி என்றால் முழுநேரத் தொழிலாளர்களா, மன்னரின் மேற்பார்வையா என்ற விவாதம் 1980களிலிருந்து நடக்கிறது. பல நூற்றாண்டுகளில் சேர்ந்த குவியலை ஆண்டுக் கணக்கில் பிரித்தால், உழவுக்கு இடைப்பட்ட நாள்களில் சில குடும்பங்கள் செய்திருக்கக்கூடிய வேலைதான் அது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. எனக்கு இந்தப் பக்கமே நியாயமாகப் படுகிறது. பட்டறைகள் ஒரே வளாகத்தில் குவிந்திருக்கவில்லை; குடியிருப்புகளுக்கு நடுவே பரவிக் கிடந்தன. கல் காலடியில் கிடந்த ஊரில், கல் தட்டுவது வீட்டுத் தொழிலாக இருந்திருப்பதில் வியப்பில்லை. கோல்ஹாவின் செவ்வியல் காலம் கொடுமையாக முடிந்தது. 30 பேரின் தலைகளைப் புதைத்த ஒரு குழி அங்கே கண்டெடுக்கப்பட்டது. பின்னர் அங்கே குடியேறியவர்கள் கல்லைச் செதுக்கிய முறையே வேறாக இருக்கிறது.

குவாத்தமாலா நகரத்திலிருந்து அட்லாண்டிக் கடலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, எல் சயால் அப்சிடியன் பகுதியின் ஊடாகப் போகிறது. மலைச்சரிவில் அப்சிடியன் துண்டுகள் சரளைபோலச் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை எடுத்து வரக்கூடாது, எடுக்கவேண்டிய தேவையும் இல்லை. பண்டைய கல்வினைஞர்கள் இங்கேயே பெரிய முண்டுகளின் மேல்தோலை உடைத்தெறிந்து, கத்தி அலகுகளை உரித்தெடுப்பதற்கான கருக்கல்லாக உருவாக்கி அனுப்பினார்கள். நெற்றிப் பட்டையில் தொங்கும் சுமையாக மனித முதுகில்தான் அது போகவேண்டும் என்பதால், வீண் எடை சுமக்க யாரும் விரும்பியிருக்க மாட்டார்கள். போய்ச்சேர்ந்த ஊரில் தேர்ந்த ஒருவர், கருக்கல்லைக் கால்களுக்கு இடையே பிடித்து, மரக்கோலின் முனையை அதன் விளிம்பில் வைத்து உடல் எடையோடு அழுத்துவார். மெக்சிகோவில் 16ஆம் நூற்றாண்டு ஸ்பானியத் துறவிகள் கண்டு வியந்து எழுதிவைத்த முறை இது. ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ஒரு மெல்லிய அலகு கழன்று விழும். நல்ல கருக்கல் ஒன்றிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட அலகுகள் எடுக்கலாம். குவாத்தமாலா நகரின் மிராஃப்ளோரஸ் அருங்காட்சியகத்தில் இத்தகைய அலகுகளைப் பார்க்கலாம். விரல் அகலம்கூட இல்லாத பட்டை. இரு பக்கமும் இணையான கூர்விளிம்புகள். முதுகில் நெடுக ஓடும் கோடுகள், அதற்கு முன் கழன்ற அலகுகள் விட்டுச்சென்றவை.

அப்சிடியனுக்கு ஒரு பெரிய வசதி உண்டு: ஒவ்வோர் எரிமலையின் கண்ணாடியிலும் நுண்தனிமங்களின் அளவு வேறு. எக்ஸ்-கதிர் ஒளிர்வு முறையில் அளந்தால் எந்த மலையில் பிறந்தது என்று தெரிந்துவிடும். பழகிய கண்களுக்கு நிறமே பல சமயம் போதும்: மெக்சிகோவின் பச்சூக்காக் கல் பச்சை, குவாத்தமாலாவின் இஷ்தெபெக்கே கல் ஒளியில் பழுப்பு.

அந்த இஷ்தெபெக்கேயின் அலகுகளைத்தான் எல் சால்வடாரின் ஹோயா தே செரனில் காண நான் காத்திருந்தேன். தலைநகரிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். 1976இல் தானியக் கிடங்கு கட்ட நிலத்தைச் சமன்செய்த புல்டோசர் ஒரு வீட்டின் தரையை வெட்டி வெளிக்காட்டியது. 1978இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் பேசன் ஷீட்ஸ் அங்கே ஆய்வைத் தொடங்கினார். கி.பி. 7ஆம் நூற்றாண்டு வாக்கில், ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் லோமா கால்தேரா எரிமலை வெடித்தது. பல மீட்டர் சாம்பல் இந்தச் சிற்றூரை மூடியது. மக்கள் ஓடிவிட்டார்கள், பொருள்களை எடுக்க நேரமில்லை. இன்று பெரிய கூரைகளின் கீழ், நடைபாதையில் நின்று கீழே பார்த்தால் மண்சுவர்களும் தூண்களும் திண்ணைகளும் அப்படியே தெரிகின்றன. 1993இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இங்கே அப்சிடியன் அலகுகளைக் கூரைப் புல்லில் செருகி வைத்திருந்தார்கள். குழந்தைகளின் கை எட்டாத இடம் என்பதே காரணம் என்று ஷீட்ஸ் கருதுகிறார். அரிவாளைக் கூரை இறவாரத்தில் செருகி வைக்கும் வீட்டில் வளர்ந்த எவருக்கும் இதை விளக்கவேண்டியதில்லை. அலகுகள் இருந்த இடம், பயன்படுத்தப்பட்ட விதம், வீட்டில் அவற்றோடு இருந்த பொருள்கள் என எல்லாமே தெரியும் இடம் உலகத்தில் மிக அரிது. மற்ற அகழாய்வுகளில் நாம் பார்ப்பது பெரும்பாலும் குப்பையில் எறிந்ததை. இங்கே பார்ப்பது, நாளைக்கும் வேண்டும் என்று எடுத்து வைத்ததை.

செரனின் வீடுகள் ஒவ்வொன்றும் தன் தேவைக்கு மேல் ஏதாவது ஒன்றைச் செய்தன. ஒரு வீட்டில் அம்மியும் குழவியும் போன்ற அரைகற்கள். மற்றொன்றில் வண்ணம் தீட்டிய சுரைக்குடுக்கைகள். இன்னொன்றில் கற்றாழை நாரும் மிளகாயும், சாக்லேட்டுக்கு மூலமான கக்காவோவும். ஊருக்குள் மாற்றிக்கொண்டது போக, ஊரில் கிடைக்காத மூன்று பொருள்களுக்காக வெளியே போனார்கள்: அப்சிடியன் அலகு, வண்ண ஓவியம் தீட்டிய மட்கலம், பச்சைக்கல் கோடாலி. ஜேட் என்றாலே அரசரின் நெஞ்சணி என்று நினைத்துப் பழகியவர்கள், உழவர் வீட்டில் மரம் வெட்ட வைத்திருந்த இந்தக் கோடாலியைக் கவனிக்கவேண்டும். இவற்றை வாங்க ஐந்து கிலோமீட்டர் தொலைவிலிருந்த சான் ஆந்த்ரேஸ் என்ற பெரிய ஊருக்குப் போகலாம். வேறு ஊர்ச் சந்தைக்கும் போகலாம். பல இடங்கள் இருந்ததால் எந்த ஒரு மேட்டுக்குடியும் தான் நினைத்த விலையை இவர்கள் மீது சுமத்த முடிந்திருக்காது என்பது ஷீட்ஸின் வாதம். கற்குவியல்களையும் செதில்களையும் பார்த்தபடி வந்த எனக்கு இது முற்றிலும் ஏற்புடையதாக இருக்கிறது. அரசன் இல்லாமல் பெருந்தலை இல்லை, சரி. ஆனால் இந்த மக்களின் அன்றாடத்தை நடத்திய கல், வீட்டுக்கு வீடு, சந்தைக்குச் சந்தை, தேர்ந்து வாங்கும் கைகள் வழியாகவே நகர்ந்திருக்கிறது.

போகிறவர்கள் சான் ஆந்த்ரேஸையும் அதே நாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே காணிக்கையாகப் புதைக்கப்பட்ட விசித்திர வடிவச் செர்ட் சிற்பம் ஒன்று அகழாய்வில் கிடைத்தது. அது இப்போது சான் சால்வடாரின் தாவித் குஸ்மான் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எரிமலை நாட்டுக்குத் தொலைவிலிருந்து வந்த, எதையும் வெட்டாத, உயர்குடியினருக்கென்றே செய்த கல் அது. செரனின் வீடுகளைப் பார்த்த பிறகு அந்த அருங்காட்சியகத்துக்குப் போவதே நல்ல வரிசை; திங்கட்கிழமைகளில் இரண்டு இடங்களும் திறந்திருக்கின்றனவா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.