மண்டபத்தில் இரண்டு கடல், இரண்டு பாசி

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் வடக்கே நடந்தால் பாக் விரிகுடா, தெற்கே நடந்தால் மன்னார் வளைகுடா. நடுவில் நிலம் ஒல்லியாக இருப்பதால் ஒரே காலையில் இரண்டு கடலிலும் இறங்கிவிடலாம். கடல்பாசிகளைக் கணக்கெடுக்கும் நண்பர் ஒருவரோடு ஒட்டிக்கொண்டு போனேன். கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொள்வதுதான் என் வேலை.

கரையிலிருந்து கடலுக்குள் நேராகக் கயிறு போட்டு, அதன் வழியே இடைவெளி விட்டு அரை மீட்டர் சதுரச் சட்டத்தை வைத்து, அதற்குள் என்னென்ன பாசி, எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று எழுத வேண்டும். கேட்க எளிதுதான், ஆனால் அலை சட்டத்தைத் தூக்கிக்கொண்டே இருக்கும். குஜராத்தின் ஓகாவில் கடல் வற்றும்போது பாறை வெளியே தெரியும். இங்கே ஓதம் ஏறி இறங்குவது ஒரு மீட்டர்கூட இல்லை, அதனால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் தலையை விட வேண்டியதுதான்.

வடக்குக் கரையில் மணலும் சேறும். கண்ணுக்கு எட்டியவரை கடற்புல், இடையிடையே கஞ்சிப்பாசி. கடற்புல்லையும் பாசிக் கணக்கில் சேர்க்கலாமே என்று கேட்டேன். அதற்கு வேரும் பூவும் உண்டு, பாசிக்கு இரண்டும் கிடையாது என்றார் நண்பர். சரி, தெற்கே போனால் ஆட்டமே வேறு: பாறை, செத்த பவளம், அதன்மேல் மரிக்கொழுந்து, கட்டக்கோரை, பக்கோடா பாசி என்று ஊரில் சொல்லும் பாசிகள், திராட்சைக் கொத்து மாதிரி பச்சையாகத் தொங்கும் காலெர்ப்பா. பற்றிக்கொள்ள கல் கிடைத்த இடத்திலெல்லாம் பாசி, வெறும் மணல் வந்ததும் சட்டம் காலி.

இந்த மரிக்கொழுந்துப் பாசியிலிருந்துதான் ஜெல்லி மாதிரி உறையும் அகர் எடுக்கிறார்கள், நோன்பு நேரத்தில் வீடுகளில் செய்யும் கடல்பாசி இனிப்புக்கு வேண்டியதும் அகர்தான். பாசியைப் பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூச்சடக்கி முங்குகிறார்கள். மாதத்தில் இத்தனை நாள்தான் பறிப்பது என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடும் வைத்திருக்கிறார்கள். பாசியைக் காக்கும் இந்த முயற்சியை முன்னின்று நடத்திய சின்னப்பாலம் ஊர் லட்சுமி மூர்த்திக்கு, தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி பரிசு 2015-இல் கிடைத்தது.

மூங்கில் மிதவைகளில் வளர்ப்பது வேறு பாசி. கப்பாஃபைகஸ் என்பது பெயர், ஊரில் பெப்சி பாசி என்றால்தான் தெரியும். 45 நாளில் அறுவடைக்கு வந்துவிடும், பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்தது. மன்னார் வளைகுடாவில் இருக்கும் குருசடைத் தீவில் பவளத்தின்மேல் அது படர்ந்திருப்பதை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். வருமானத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை, ஆனால் தீவுகளுக்கு இவ்வளவு பக்கத்திலா என்ற கேள்வி எனக்கு இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: பிப்ரவரி, மார்ச் நல்லது. வாடை வீசினால் வடக்குக் கடல் கலங்கும், தென்மேற்குக் காற்றில் தெற்குக் கடல் கலங்கும். தீவுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்க முடியாது. பாறையில் இருப்பதைப் பிடுங்காதீர்கள், கரை ஒதுங்கியதே பை நிறையக் கிடைக்கும். அப்புறம், ரப்பர் செருப்பு கட்டாயம்.