நோட்டீஸ் ஒட்டிய பிறகு

பிப்ரவரி 4
எனக்கும், பிந்துலுவில் இருக்கும் வேற்றினத்தவரான அவருக்கும் கல்யாணப் பதிவு நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. 21 நாள். ஆட்சேபம் உள்ளவர்கள் அதற்குள் சொல்லலாம் என்பது சட்டம். அம்மா இன்றும் சரியாகச் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 6
தூக்கம் வரவில்லை. 1967-இல் வந்த அந்த ஸ்டார் டிரெக் விண்வெளித் தொடர் அத்தியாயத்தை மறுபடி பார்த்தேன், விண்கப்பல் அதிகாரி ஸ்பாக்கின் அப்பாவும் அம்மாவும் கப்பலுக்கு வருவது. அப்பா சாரெக் வல்கன் என்ற வேற்றுக்கிரகத்துக்காரர். அம்மா அமாண்டா பூமிக்காரி. அப்பாவும் மகனும் 18 வருடமாக அப்பா பிள்ளையாகப் பேசிக்கொள்ளவில்லை. எல்லாரும் ஸ்பாக்கைத்தான் கவனிப்பார்கள். எனக்கு அமாண்டாதான். நாலு பேர் முன்னால் அவர்கள் கட்டிக்கொள்வதில்லை. அவர் இரண்டு விரலை நீட்டுகிறார், அவளும் இரண்டு விரலை நீட்டி அதன்மேல் வைக்கிறாள். அவ்வளவுதான். அதிலேயே எத்தனை வருடக் குடித்தனம் தெரிகிறது!

தன் கிரகத்தை விட்டுப் போனவள் அங்கே என்ன சமைத்தாள்? காய்ச்சல் வந்தால் யார் பார்த்துக்கொண்டார்கள்? எனக்கு அதுதான் தெரிய வேண்டும். கதையில் அது இல்லை.

பிப்ரவரி 7
மழை. அத்தை வந்தார். தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

பிப்ரவரி 10
"பொறக்குற பிள்ளை எந்த மாதிரி இருக்கும்?" அத்தை கேட்டது இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62. இரண்டுக்கும் பிறக்கும் கோவேறு கழுதைக்கு 63, அநேகமாக அதற்குக் குட்டி பிறப்பதில்லை. இத்தனைக்கும் அவை நெருங்கிய சொந்தம். நமக்கும் ரப்பர் பால் மரத்துக்கும்கூட எந்தக் காலத்திலோ ஒரு பொது மூதாதை உண்டு. வல்கனோடு அதுவும் கிடையாது. அவர்கள் இரத்தத்தில் செம்பு, நிறம் பச்சை. உயிரியல்படி ஸ்பாக் பிறந்திருக்கவே முடியாது. ஆனாலும் அவனைப் பிறக்க வைத்தார்கள். அத்தையின் கேள்வி அந்தத் தொடரை எடுத்த ஊரிலும் இருந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். வெள்ளையர் வேறு இனத்தாரை மணக்க அமெரிக்காவில் 16 மாநிலங்களில் சட்டத்தடை இருந்தது. 1967 ஜூன் 12-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. இந்த அத்தியாயம் வந்தது அதே வருடம் நவம்பரில்.

நானும் அவரும் மனிதர்கள். எங்களுக்கு இந்தக் கணக்கு எதற்கு?

ஐந்து வயதில் மற்ற பையன்கள் 'நீ உண்மையான வல்கன் இல்லை' என்று வதைத்து, ஸ்பாக் உதட்டை இறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தானாம். அதைப் பார்த்து அமாண்டாவும் அழுதிருக்கிறாள்.

பிப்ரவரி 11
யாரிடம் போய் அழுதாள்?

பிப்ரவரி 14
அவர் சரவாக்கிலிருந்து, பிந்துலுவிலிருந்து பேசினார். மூங்கிலில் வேகவைத்த கோழி எனக்குப் பிடிக்குமா என்று அவர் அம்மா கேட்டாராம். பிடிக்கும் என்று சொல்லச் சொன்னேன். சாப்பிட்டதில்லை, ஆனால் பிடிக்கும்.

பள்ளியில் ஒருத்தி, "வேற்றுக்கிரகவாசியையா கட்டிக்கப் போற?" என்று சிரித்தாள். உடம்பெல்லாம் எரிந்தது. அவர் தன் மண்ணில் இருக்கிறார். மலேசியத் தீபகற்பத்திலிருந்து போய் இறங்கி, குடிநுழைவு வரிசையில் நிற்கப் போகிறவள் நான். சரவாக்கில் எனக்கு 90 நாள் பாஸ், அதற்கு மேல் தங்க வேறு அனுமதி வேண்டும். ஒரே நாடு, ஒரே அடையாள அட்டை, அப்படியும்.

பிப்ரவரி 15
ஒன்றும் இல்லை. அப்பா டிவியை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

பிப்ரவரி 17
ஃபிலிப் ஹோசே ஃபார்மர் 1952-இல் எழுதிய அறிவியல் புனைகதை 'தி லவர்ஸ்' படித்தேன். வேறு கிரகத்துக்குப் போன ஒருவன், ஜானெட் என்ற பெண்ணோடு ஒளிந்து வாழ்கிறான். அவள் மனித இனமே இல்லை என்பது அவனுக்குத் தெரியாது. அவள் மது குடிப்பது கரு தங்காமல் இருக்க. அவன் அதைக் கெட்ட பழக்கம் என்று எண்ணி, அவளுக்குத் தெரியாமல் மதுவை மாற்றிவிடுகிறான். அவள் இனத்தில் கருவுற்றால் தாய் பிழைப்பதில்லை.

மூடி வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். அவன் கெட்டவன் இல்லை, உயிரையே வைத்திருந்தான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவளும் சொல்லியிருக்கலாம், ஆனால் சொன்னால் விட்டுப் போய்விடுவான் என்ற பயம் இருந்திருக்காதா? இந்தக் கதைகளில் கிரகமும் இரத்தமும் ஆளைக் கொல்வதைவிட இதுதான் கொல்கிறது. இரவே போன் போட்டுச் சொன்னேன்: எனக்குத் தெரியாமல் எனக்காக எதையும் செய்யாதீர்கள். சரி என்றார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பிப்ரவரி 19
அப்பா பேசினார். "அந்த ஊருல கோயில் இருக்கா?" கூச்சிங்கில் இருக்கிறது, பிந்துலுவில் விசாரிக்க வேண்டும் என்றேன். "விசாரி" என்றார்.

பிப்ரவரி 20
'அம்மாவை ஏன் மணந்தீர்கள்?' என்று ஸ்பாக் கேட்கிறான். அந்த நேரத்தில் அதுதான் தர்க்கப்படி சரியாகத் தோன்றியது என்கிறார் சாரெக். முன்பு இந்த இடத்தில் அவர்மேல் கோபம் வரும். இன்று வரவில்லை. அவர் மொழியில் அதற்கு மேல் சொல்ல வராது, அவளுக்கும் அது தெரியும்.

பிப்ரவரி 21
நாளை சேலை எடுக்க ஈப்போ போகலாம் என்றார் அம்மா. அவராகவே. காலை பஸ். அத்தையையும் கூப்பிடவா என்றேன், பதில் சொல்லவில்லை.