ஊன்றுகோல் அருளிய திருவெண்பாக்கம்

தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் 32-இல் 17-ஆவதாகப் போற்றப்படும் திருவெண்பாக்கம், திருவள்ளூருக்கு அருகே பூண்டியில் ஊன்றீஸ்வரர் திருக்கோயிலாக விளங்குகிறது. சுந்தரர் வந்து வழிபட்ட பழைய இடத்தை இன்று காண இயலாது. சென்னையின் குடிநீர்த் தேவைக்காகக் கொசத்தலை ஆற்றின் குறுக்கே 1940-களில் பூண்டி நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது அந்த இடம் நீர்ப்பரப்புக்குள் சென்றுவிட்டதால், இப்போதுள்ள இடத்தில் கோயில் எழுப்பப்பட்டது. பெருங்கோயில்களின் பிரம்மாண்டத்தை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். இத்தலத்தின் பெருமை முழுவதும் ஒரு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது.

திருவொற்றியூரில் மகிழமரத்தின் கீழ், 'உன்னைப் பிரியேன்' என்று தம் துணைவி சங்கிலியாருக்குச் சபதம் செய்துகொடுத்த சுந்தரர், திருவாரூர்ப் பெருமானைக் காணும் வேட்கை மேலிட்டு அச்சபதத்தை மீறி எல்லையைக் கடந்தார். அக்கணமே இரு கண்களிலும் பார்வையை இழந்தார். திருமுல்லைவாயிலில் பாடிவிட்டு இத்தலத்தை அடைந்து, 'கோயிலில் இருக்கின்றாயோ' என்று கேட்டார். இறைவன் அவருக்குப் பார்வையைத் தரவில்லை. ஓர் ஊன்றுகோலைத் தந்து, 'உளோம் போகீர்' (இருக்கிறோம், நீர் போகலாம்) என்று விடையளித்தான். தோழனாகப் பழகிய பெருமான் இவ்வாறு கூறியது பொறாமல் சுந்தரர் அக்கோலை வீசினார் என்றும், அது நந்தியின் கொம்பில் பட்டு ஒடித்தது என்றும் தல வரலாறு கூறுகிறது.

அந்த நந்தி இன்றும் ஒடிந்த கொம்புடனேயே இறைவன் திருமுன் அமர்ந்திருக்கிறது. அருகே சுந்தரர் கோலூன்றி நிற்கிறார். பின்னமடைந்த திருமேனியை வழிபாட்டில் வைத்திருப்பது வழக்கமன்று என்றே நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆயினும் இங்கே அந்தக் கொம்பைச் சீர்செய்துவிட்டால் தலத்தின் வரலாறே மறைந்துவிடும். குறையுள்ள நந்திக்கு மாலை சாத்தி, அதன் பின்னே நின்று, பார்வையிழந்த நிலையிலேயே நிற்கும் அடியாரையும் வணங்கி, பிறகுதான் மூலவரை நோக்குகிறோம் என்பதை அங்கு நின்றபோது எண்ணி எண்ணி நெகிழ்ந்தேன்.

எனக்குச் சிறுவயது முதலே திக்குவாய். சில எழுத்துகளில் தொடங்கும் சொற்கள் தொண்டையிலேயே நின்றுவிடும். என் பெயரைச் சொல்வதற்கே அஞ்சி, அறிமுகங்களைத் தவிர்த்து வாழ்ந்திருக்கிறேன். பாடும்போது மட்டும் திக்கல் வருவதில்லை. திக்குவாய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இப்படித்தான் என்று பின்னர் அறிந்தேன். தேவாரம் கற்றதற்கு முதற்காரணம் பக்தி என்று சொல்வதைவிட, தடையின்றி ஒலிக்கும் என் குரலை நானே கேட்க விரும்பியது என்று சொல்வதே உண்மை. அந்த விருப்பமே என்னைப் பக்திக்குள் அழைத்துச் சென்றது என்பதிலும் ஐயமில்லை. எத்தனையோ சன்னதிகளில் இக்குறை நீங்க வேண்டியிருக்கிறேன்.

ஆகவே ஏழாம் திருமுறையின் 89-ஆம் பதிகத்தை அச்சன்னதியில் பாடத் தொடங்கியபோது, முதலடியே என்னை நிறுத்தியது. 'பிழையுளன பொறுத்திடுவர் என்றடியேன் பிழைத்தக்கால், பழியதனைப் பாராதே படலம் என்கண் மறைப்பித்தாய்' என்கிறார் சுந்தரர். தாம் பிழை செய்ததை அவர் மறைக்கவில்லை. பொறுத்துக்கொள்வாய் என்று நம்பித்தான் செய்தேன் என்று அதையும் உரிமையோடு சொல்கிறார். தண்டனை பெற்ற பிறகும் வழக்காடுகிறார். அவருடைய குறை பிழையினால் நேர்ந்தது, என்னுடையது அவ்வாறு நேர்ந்ததன்று. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது முறையாகாது. எனினும் குறையோடு வந்தவர் குறை நீங்கும்வரை வாசலில் காத்திருக்கவில்லை என்பதும், கண்ணில்லாத அந்நிலையிலேயே அவர் பாடிய பாட்டை இறைவன் ஏற்றுக்கொண்டான் என்பதும் எனக்குப் பேராறுதலாக இருந்தன. பதிகத்தின் பத்தாவது பாடலில், தாம் வேண்டாத அந்தக் கோலையும் 'ஊன்றுவதோர் கோலருளி' என்று அருளாகவே அவர் குறிப்பிடுகிறார். கேட்டது கிடைக்காதபோது கிடைத்ததை அருள் என்று பாட எத்தகைய மனம் வேண்டும்!

அம்மன் சன்னதியிலும் நெடுநேரம் நின்றேன். அன்னையின் திருநாமம் மின்னொளியம்மை. மின்னலாய் ஒளிகாட்டிச் சுந்தரரை வழிநடத்தியவள் என்று இங்கே வணங்குகிறார்கள். இங்கிருந்து திருவாலங்காட்டு வழியாகச் சென்றவர், காஞ்சி ஏகம்பத்தில் இடக்கண்ணையும் திருவாரூரில் வலக்கண்ணையும் பெற்றார். அவ்விரண்டுக்கும் முன்பாக அவர் நடந்த தொலைவு முழுவதும் இந்தக் கோலின் துணையால் நடந்ததுதான். பார்வை கிடைத்த தலங்களை நினைவில் வைத்திருக்கும் நாம், கோல் கிடைத்த தலத்துக்கும் ஒருமுறையேனும் வர வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

அன்று நான் திக்கல் நீங்க வேண்டும் என்று எதையும் கேட்கவில்லை. எங்கள் தேவார வகுப்பில், ஒவ்வொரு பதிகத்துக்கும் முன்பாக அதன் வரலாற்றை ஒருவர் உரையாகச் சொல்வது வழக்கம். பாட மட்டுமே முன்வரும் நான் அந்த முறை வரும்போதெல்லாம் விலகியிருக்கிறேன். திருவெண்பாக்கத்து வரலாற்றை நானே சொல்கிறேன் என்று ஊர் திரும்பியதும் ஆசிரியரிடம் தெரிவித்துவிட்டேன். பாட்டில் வராத திக்கல் பேச்சில் உறுதியாக வரும். வந்தாலும் ஊன்றுகோலில் தொடங்கித் திருவாரூர்வரை சொல்லி முடிப்பேன்.