வழிகாட்ட ஆளில்லாத பயணம்

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு. டொரண்டோவின் டாமி தாம்சன் பூங்காவுக்கு விடியும்போதே போய்விட்டேன். ஒன்டாரியோ ஏரிக்குள் 5 கிலோமீட்டர் நீளும் இந்த நிலம், இடித்த கட்டடங்களின் செங்கல்லும் கான்கிரீட்டும் கொட்டி உண்டானது.

சேற்றோரம் ஏழு உள்ளான் பறவைகள். செமிபால்மேட்டட் சாண்ட்பைப்பர் என்ற குட்டி வகை. 30 கிராம் இருந்தாலே அதிகம். தொலைநோக்கியில் ஒன்றின் முதுகு தெளிவாகத் தெரிந்தது. இறகுக்கு இறகு வெளிறிய ஓரம், மீன் செதில் மாதிரி. அப்படியென்றால் இந்த வருடக் குஞ்சு. தாயும் தகப்பனும் முன்பே தெற்கே கிளம்பியிருக்கும். இதுவோ ஆர்க்டிக்கிலிருந்து தென் அமெரிக்காவின் வட கடற்கரைவரை, தானாகவே வழி கண்டுபிடித்துப் போக வேண்டும். எனக்குத் தொண்டை அடைத்தது.

அப்புறம் வல்லூறு ஒன்று மேலே கடந்தது. ஏழும் ஒரே வீச்சில் எழும்பி, வெள்ளை வயிறு மின்னத் திரும்பி, அதே சேற்றில் இறங்கின. உடனே குத்தித் தின்னத் தொடங்கிவிட்டன.